மலையைப் பஸ்ஸுக்கு நிற்கவைத்த சக்கரம்

எங்கள் திண்ணைத் தூணில் மூன்றடுக்குச் சக்கரம் ஒன்று தொங்குகிறது. மூன்று வாரம் உழைத்து, வரிசையாகச் சொதப்பி, ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய் செலவழித்துச் செய்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாக நினைத்தபடி வேலை செய்தது. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

எதற்குச் சக்கரம் என்றால், என்ன படம் வரைவது என்று அது சொல்லும்.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையோரம் எங்கள் ஊர். கோடை விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். தெருப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12இல். அதுவரை ஆற்றில் வெறும் மணல்தான். குளிக்கவும் வழியில்லை, பகலில் வெளியே விடவும் முடியாது. ஆளுக்கொரு காகிதத்தைக் கொடுத்து, நடுவில் கிரேயான் டப்பாவை வைத்தேன். பத்து நிமிடத்தில் ஆறு படம் வந்துவிட்டது. ஆறும் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, இடுக்கில் பாதிச் சூரியன், அங்கிருந்து வழிகிற ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு காக்கா.

எங்கள் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் நாலு பக்கமும் வயல், தென்னை, கோபுரம், செல்போன் டவர். மலை மருந்துக்கும் கிடையாது. இருந்தாலும் நான் சின்ன வயதில் வரைந்ததும் இதே மலைதான். என் அம்மா வரைந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

"வேற ஏதாச்சும் வரைங்கடா" என்றேன்.

"என்னத்த வரையறது சித்தி?" என்றான் அக்கா மகன்.

அதற்குப் பதில் என்னிடமும் இல்லை.

சீட்டு

முதலில் தோன்றியது சீட்டுக் குலுக்கல். பழைய நோட்டைக் கிழித்து 60 சீட்டு எழுதி ஒரு பாட்டிலில் போட்டேன். இயற்கை, மகிழ்ச்சி, கனவு, நட்பு, மழைக்காலம் என்று எழுத எழுத எனக்கே பெருமையாக இருந்தது. 'இயற்கை' வந்தவள் இரண்டு மலை வரைந்தாள். 'கனவு' வந்தவன் தூங்குகிற பையனை வரைந்து, தலைக்கு மேல் மேகம் போட்டு, மேகத்துக்குள் இரண்டு மலை வரைந்தான். 'மகிழ்ச்சி'க்கும் அதே மலைதான், சூரியனுக்கு மட்டும் வாய் சிரித்தது.

மகிழ்ச்சிக்குக் கால் எத்தனை, வால் உண்டா என்று தெரியாமல் பென்சில் எங்கிருந்து தொடங்கும்? அன்று ராத்திரியே அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. புதிதாக, கண்ணால் பார்க்கிற சாமான்களை எழுதினேன். ஆட்டுக்கல், வயல் நண்டு, டவுன் பஸ், குத்துவிளக்கு, வைக்கோல் போர். கொஞ்சம் தேவலை. ஆனால் ஆட்டுக்கல் வந்தால் ஆட்டுக்கல்லை வரைந்துவிட்டு "முடிஞ்சுது" என்று எழுந்துவிட்டார்கள்.

அக்கா மகள் ஒருமுறை தெரியாமல் இரண்டு சீட்டைச் சேர்த்து எடுத்துவிட்டாள். நண்டு, குத்துவிளக்கு. ஒன்றைத் திரும்பப் போடச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வரைய ஆரம்பித்துவிட்டாள். எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, உச்சியில் ஐந்து சுடர். கரண்ட் போனால் அதுவே பக்கவாட்டில் நடந்து வந்து பக்கத்தில் நிற்குமாம். ஒட்டாத இரண்டு சாமானை ஒன்றாக மாட்டிவிட வேண்டும் என்ற புத்தி எனக்கு அப்படி வந்ததுதான்.

கட்டை

பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை வீட்டில் இருக்கிறது. அதேபோல் மரத்தில் மூன்று செய்து, முகத்துக்கு ஒரு சொல் எழுதினால் என்ன என்று தோன்றியது. ஆசாரி பட்டறையில் கிடந்த தேக்குச் சட்டத் துண்டு, 20 மில்லி சதுரம். 8 செ.மீ. நீளமாக மூன்று அறுத்தேன். முதல் கட்டை யார், இரண்டாவது என்ன செய்கிறது, மூன்றாவது எங்கே. நாலு முகம் வீதம் 64 சேர்க்கை.

உருளுகிற சத்தம் எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் உப்புத்தாளை ஒரு கட்டையில் அதிகமாகத் தேய்த்துவிட்டேன். ஒரு பக்க அளவு 17 மில்லிக்கு வந்துவிட்டது. 50 தடவை உருட்டி எண்ணினேன், 38 தடவை அகலமான முகங்களே மேலே வந்தன. அதைச் சரிசெய்திருக்கலாம். ஆனால் மூன்றாம் நாளே "மறுபடியும் வாத்தா?" என்ற குரல் வந்துவிட்டது. நாலு முகம் பிள்ளைகளுக்கு எந்த மூலைக்கு? மூன்று கட்டையும் இப்போது கொல்லைக் கதவுக்கு அண்டக் கொடுக்கப் பயன்படுகின்றன.

அட்டை

அடுத்தது வட்டம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் 40, 28, 16 செ.மீ. விட்டத்தில் மூன்று வட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒவ்வொன்றிலும் 6 செ.மீ. விளிம்பு தெரியும், எழுத இடம் போதும். பள்ளிக்கூடக் கவராயம் 20 செ.மீ.க்கு விரியாது. ஆணியும் நூலும் வைத்துத்தான் வட்டம் போட்டேன். பன்னிரண்டாகப் பிரிக்கக் கோணமானி தேவையில்லை. வட்டம் போட்ட அதே நூலளவால் விளிம்பில் எட்டு வைத்தால் சரியாக ஆறு புள்ளி விழும், ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் பன்னிரண்டு. 12×12×12, ஆக 1,728 சேர்க்கை. விடுமுறையைத் தாண்டி வரும்.

நடுவில் போல்ட் குத்தி மாட்டினேன். சின்ன வட்டைச் சுற்றினால் மூன்றும் சேர்ந்து சுற்றின. பவுடர் தூவினேன், மெழுகுவத்தி தேய்த்தேன். கொஞ்சம் விலகியது. ஆனால் பிள்ளைகள் கைபட்டு நடு ஓட்டை இரண்டே நாளில் முட்டை வடிவமாகிவிட்டது.

பேரிங்

அக்கா மகன் பையில் உடைந்த ஸ்பின்னர் ஒன்று கிடந்தது. ஒரு காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் விரலில் வைத்துச் சுற்றினார்களே, அதுதான். அவன் அனுமதியோடு நடுவிலிருந்த பேரிங்கைப் பெயர்த்தேன். 608 வகை. உள்துளை 8 மில்லி, வெளிவிட்டம் 22, தடிமன் 7. எட்டு மில்லி போல்ட் கச்சிதமாக நுழைந்தது. அதே அளவில் இன்னும் இரண்டு கடையில் வாங்கினேன், ஒன்று 40 ரூபாய்.

அட்டையைக் கைவிட்டு 6 மில்லி பிளைவுட்டுக்கு மாறினேன். வட்டமாக அறுப்பதும் துளை போடுவதும் என் கைக்கு வராத வேலை. ஆசாரியிடம் போய், "அண்ணே, 22 மில்லி துளை வேணும்" என்றேன். "மில்லியெல்லாம் எதுக்கும்மா, ஏழு நூல் பிட்டு இருக்கு" என்றார். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஏழு நூலென்றால் 22.2 மில்லி. அந்தப் புள்ளி இரண்டுக்கு, பேரிங்கைச் சுற்றி ஒரு சுற்றுக் காகிதம் பெவிகால் தடவி ஒட்டித் தட்டினேன். இன்றுவரை அசையவில்லை.

இனி தூண்பலகை. 12 மில்லி பலகையில் 65 மில்லி நீள போல்ட்டைப் பின்பக்கமிருந்து ஏற்றி, நட்டுப் போட்டு இறுக்கினேன். அப்புறம் பெரிய வட்டு, நடு வட்டு, சின்ன வட்டு. கடைசியில் சுட்டுவதற்கு ஒரு மூங்கில் பிளாச்சு, அதன்மேல் நட்டு. வட்டுகளுக்கு நடுவில் எட்டு மில்லி வாஷர் போட்டேன். மறுபடியும் மூன்றும் சேர்ந்து சுற்றின! அரை நாள் முழித்த பிறகுதான் புரிந்தது. வாஷர் அகலமானது. பேரிங்கின் உள்வளையத்தோடு நிற்காமல் வெளிப்பக்கத்தையும் தொட்டு இழுக்கிறது. வேலியிலிருந்து 2 மில்லி ஜி.ஐ. கம்பி கொஞ்சம் வெட்டி, போல்ட்டில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, வளையமாக நறுக்கித் தட்டையாக்கினேன். வெளி அளவு 12 மில்லி. உள்வளையத்தில் மட்டும் உட்கார்ந்தது. வட்டு மூன்றும் தனித்தனியாகச் சுற்றின.

பழைய ஸ்பின்னர் பேரிங்கில் கிரீஸே இல்லை. அது மாட்டிய சின்ன வட்டு நிற்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பிள்ளைகள் பொறுப்பார்களா? விரலை வைத்துத் தங்களுக்கு வேண்டியதில் நிறுத்திக்கொண்டார்கள். வழவழப்பு ஜாஸ்தியானாலும் தொல்லைதான். துளி வாசலின் அப்பிய பிறகு வழிக்கு வந்தது.

தவளைத் தொல்லை

எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்தால் பெரிய வட்டில் எப்போது சுற்றினாலும் தவளை வந்தது. "இந்தச் சக்கரத்துக்குத் தவளைய மட்டுந்தான் புடிக்கும்" என்றான் அக்கா மகன். துளை மையத்திலிருந்து 3 மில்லி தள்ளி விழுந்திருக்கிறது. செங்குத்தாகத் தொங்குகிற வட்டு, கனமான பக்கம் கீழே வந்துதானே நிற்கும்? ஐந்து முறை சும்மா சுற்றிவிட்டு, ஒவ்வொரு முறையும் அடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஐந்தும் ஒரு சாணுக்குள் விழுந்தன. நேர் எதிரே, முதுகுப் பக்கம், மீந்துபோன இரண்டு வாஷரை எம்-சீல் வைத்து ஒட்டினேன். கார் சக்கரத்துக்கு ஈயத்துண்டு ஒட்டுகிற அதே வித்தை. முதலில் ஒரு வாஷர் போதவில்லை, இரண்டாவதைக் கொஞ்சம் விளிம்புப் பக்கம் நகர்த்தியபோதுதான் தவளை ஓய்ந்தது.

வட்டில் என்ன எழுதுவது

மரவேலையைவிட இதற்குத்தான் நாள் பிடித்தது. எங்கும் அளவு கிடைக்காத வேலை.

கட்டையில் வைத்த அதே முறையில், யார், என்ன செய்கிறது, எங்கே என்று எழுதினேன். பெரிய வட்டில் செயல். 'நாதஸ்வரம் வாசிக்கிறது' மாதிரி நீளமானவற்றுக்கு அங்கேதான் இடம், ஒரு கட்டத்துக்கு விளிம்பில் 10 செ.மீ. வரும். நடு வட்டில் இடம். சின்ன வட்டில் 4 செ.மீ.தான், அதனால் நண்டு, பஸ், கொக்கு போன்ற குட்டிச் சொற்கள். தவளையைப் பெரிய வட்டில் எழுதியிருந்தேனே, அது 'தவளை மாதிரித் தாவுகிறது'.

இரண்டு நாள் விளையாடியதில் இடம் என்ற வட்டு தண்டம் என்று தெரிந்தது. 'மதகின் மேல்' வந்தால் கொக்குக்குக் கீழே மதகு போடுவார்கள், 'வைக்கோல் போர்' வந்தால் பின்னால் மஞ்சளாக ஒரு குவியல். கொக்கு அப்படியே கொக்காகத்தான் இருந்தது. சொல்வதை ஒழுங்காகக் கேட்டார்கள், அவ்வளவுதான். நண்டு விளக்கு வரைந்த அன்றைக்கு வந்த சிரிப்பு ஒருவரிடமும் இல்லை.

இதற்கு விடை தாராசுரத்தில் கிடைத்தது. கும்பகோணத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது எல்லாரையும் அழைத்துக்கொண்டு வழியில் இறங்கினேன். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். அங்கே காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்கிற சிற்பம் இருக்கிறது. நடுவில் தலை, இந்தப் பக்கம் காளை உடம்பு, அந்தப் பக்கம் யானை உடம்பு. கல்லைத் தொடாமல், கண்ணுக்கு நேரே உள்ளங்கையை நீட்டி யானை உடம்பை மறைத்தால் காளை. கையை மாற்றினால் யானை. ஆறு பிள்ளைகளும் ஆறு கையை நீட்டிக்கொண்டு, "இப்ப மாடு... இப்ப யானை..." என்று கத்தியதில் அர்ச்சனைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு வரி மட்டும் மனசில் ஓடியது: இந்தச் சிற்பி காளையையும் யானையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தவில்லை, இரண்டுக்கும் பொதுவாக ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டான். வெளியே வரும்போது இன்னொன்று. முன்மண்டபத்துக்கே கல்லில் சக்கரமும் குதிரையும் வைத்துத் தேராக்கியிருக்கிறார்கள். மண்டபத்துக்குச் சக்கரம் முளைக்கலாம் என்றால் ஆட்டுக்கல்லுக்கு முளைக்காதா?

பஸ்ஸிலேயே டிக்கெட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். 'எங்கே' போயிற்று, நடு வட்டு 'அதற்கு என்ன ஆயிற்று' என்று மாறியது. ஒரே தலை, இரண்டு உடம்பு. சக்கரம் முளைத்தது. எறும்பு அளவு. கோபுர உயரம். மேலிருந்து பார்க்கிறோம். நிழல் மட்டும் வேறு. வயிற்றுக்குள் இருப்பது தெரிகிறது. தலை மட்டும் ஆடுகிறது (தஞ்சாவூர் பொம்மையை நினைத்து எழுதியது). தண்ணீரில் தெரிவது வேறு. நூலில் கட்டியிருக்கிறது. பாதி பூசணிக்காய்.

பன்னிரண்டாவதாக 'தெரிந்த ஒருவர் முகம்'. தஞ்சை சரஸ்வதி மகாலில் மனித முகங்களையும் விலங்கு, பறவை முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்த பழைய படங்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஞாபகம். இது விபரீதமாகியிருக்க வேண்டியது. எதிர்வீட்டுத் தாத்தா முகத்தோடு ஒரு ஆடு வந்தது, தாத்தாவே அதைப் பார்த்தும்விட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "மீசை இன்னுங் கொஞ்சம் பெருசா போடு" என்றார். எல்லாத் தாத்தாக்களும் இப்படி இருக்க மாட்டார்கள் என்பதால் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு 'பெயிண்ட் தீர்ந்துபோச்சு' என்று மாற்றினேன். அதாவது படத்தில் ஒரே நிறம்தான்.

இதற்குள் இனாமல் பெயிண்டில் எழுதியிருந்ததுதான் பெரிய தப்பு. 90 ரூபாய் பெயிண்ட், ஒவ்வொரு திருத்தத்துக்கும் சுரண்டல். அம்மா சொன்னபடி கோவையிலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசினேன். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடக் கரும்பலகை வைத்தியம். முதல் நாள் அழகாக இருந்தது, இரண்டாம் நாள் ஆறு பிள்ளைகள் கையிலும் சட்டையிலும் இருந்தது. பிளைவுட்டில் அது ஊறவில்லை. கடைசியில் கரும்பலகை பெயிண்டே வாங்கி இரண்டு கோட் அடித்தேன். சாக்பீஸால் எழுதலாம், அழிக்கலாம். சின்ன வட்டில் ஒரு கட்டம் காலி, அதில் பிள்ளைகளே எழுதிக்கொள்ளலாம்.

செலவு

பிளைவுட் துண்டுகள் 120. பேரிங் இரண்டு 80. போல்ட், நட்டு, வாஷர் 25. ஆசாரிக்கு அறுப்பு, துளைக்கூலி 100 (வாங்க மறுத்தார், திணித்தேன்). கரும்பலகை பெயிண்ட் 110. சாக்பீஸ் 10. வீணான இனாமல் 90. ஆக 535 ரூபாய். தேக்குத் துண்டும் அட்டையும் கம்பியும் கணக்கில் இல்லை.

மறுபடி செய்தால், துளையை முதலில் போட்டுவிட்டு அந்தத் துளையை மையமாக வைத்து வட்டம் அறுக்கச் சொல்வேன், தவளைத் தொல்லையே வராது. பெரிய வட்டை 36 செ.மீ. ஆக்குவேன். இப்போது மூன்றாம் வகுப்புக்காரிக்கு எட்டவில்லை, மணைமேல் ஏறி நின்று சுற்றுகிறாள். விளிம்பை மழுக்க வேண்டும், ஒரு சிலாம்பு ஏறிவிட்டது. ஐப்பசி அடைமழைக்குத் திண்ணையில் சாரல் அடிக்கும், அதற்குள் கழற்றி உள்ளே வைக்காவிட்டால் பேரிங் துருப்பிடித்துவிடும். 'நூலில் கட்டியிருக்கிறது' இதுவரை ஒரு நல்ல படமும் தரவில்லை, அதை எடுத்துவிடுவேன்.

ஒன்றுக்கு மட்டும் கடைசிவரை மருந்து கிடைக்கவில்லை. பிடிக்காதது வந்தால் இன்னொரு முறை சுற்றுகிறார்கள். முதலில் தடுத்தேன். பிறகு மூன்று சுற்று அனுமதி, மூன்றாவது வந்ததை வரைந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்தோம். பார்த்தால், வேண்டாவெறுப்பாக ஏற்ற மூன்றாவதில்தான் நல்ல படங்கள் வந்தன. 'பஸ், தூங்குகிறது, வயிற்றுக்குள் இருப்பது தெரிகிறது' அப்படி வந்ததுதான். பஸ் கண்ணை மூடிக் குறட்டை விட, உள்ளே பயணிகள் அத்தனை பேரும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள். 'கொக்கு, சைக்கிள் பழகுகிறது, மேலிருந்து பார்க்கிறோம்' வந்தவன், சைக்கிள் மேலிருந்து ஒரு கோடாகத்தான் தெரியும் என்று வாதாடி, ஒரு கோடும் இரண்டு சிறகும் வரைந்து அரை நிமிடத்தில் முடித்துவிட்டான். சோம்பேறித்தனம்தான். ஆனால் படம் நன்றாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலிக் கட்டத்தில் எழுதும் முறை மூன்றாம் வகுப்புக்காரிக்கு. எப்போதும் மலையே வரைகிறவள். மணைமேல் ஏறி, சாக்பீஸை எடுத்து, 'மலை' என்று எழுதினாள். மற்ற ஐந்து பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். முதல் சுற்று பூசணி, இரண்டாவது கொக்கு, மூன்றாவதில் மலையே வந்து நின்றது. கூட வந்தவை: பஸ்ஸுக்கு நிற்கிறது, வயிற்றுக்குள் இருப்பது தெரிகிறது.

ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. பஸ் ஸ்டாப் கூரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு மலை உட்கார்ந்திருக்கிறது, கையில் மஞ்சப்பை. பக்கத்தில் ஒரு ஆடு, இடம் போதாமல் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. மலை வயிற்றுக்குள் ஆற்றைப் புடவை மாதிரி மடித்து வைத்திருக்கிறது. அதன்மேல் தலை வைத்துச் சூரியன் தூங்குகிறது.

"எங்க போவுது இது?" என்றேன்.

"ஊருக்கு அத்தை. இங்க மலையே கெடையாதுன்னு சொல்லிட்டாங்கல்ல" என்றாள். பிறகு கிரேயானைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "சூரியனுக்கு லக்கேஜ் போடுவாங்களா?"